அசைவில்லாமல் பிறந்த குட்டிக்காக எவ்வளவு நேரம் போராட வேண்டும்?

#1 கூடத்து ஜன்னல்

எங்கள் நாய் சுக்கி நான்கு நாட்களுக்கு முன்பு குட்டி போட்டாள். தலைச்சன் ஈற்று. ஆறு பிறந்தன, நான்கு இருக்கின்றன. போன இரண்டும் என் கைப்பிழையால் போயினவா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். ஆறுதல் வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் ஆறு முதுகெலும்புகளை எண்ணிக் காட்டியிருந்தார்கள். சினையின் 62ஆம் நாள் மாலை அவளுடைய உடல்வெப்பம் 36.8 டிகிரி செல்சியஸ். முந்தைய நாள்வரை 38க்குக் குறையவில்லை. படுக்கைத் துணியைப் பிராண்டிக்கொண்டே இருந்தாள், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவு 1.10க்கு முதல் குட்டி. அடுத்த இரண்டும் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. பனிக்குடத்தை அவளே கிழித்தாள், நக்கினாள், மூன்றும் கத்தின. இவ்வளவுதானா பிரசவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவதுக்கு முக்கினாள், முக்கினாள், ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல். களைத்துவிட்டாள் என்று தண்ணீர் வைத்தேன். பிறகு இரண்டு பின்னங்கால்கள் தெரிந்தன. இடுப்புவரை வந்து அப்படியே நின்றுவிட்டது. இழுத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் தொடவில்லை. ஐந்தாறு நிமிடம் இருக்கும். ஒருவழியாக வெளியே விழுந்தபோது நனைத்துப் பிழியாத துணி மாதிரி கிடந்தது. நாக்கு நீலம்.

தொலைபேசியில் பெரியப்பா, "இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாக வீசு, சளி வெளியே வந்துவிடும்" என்றார். ஐந்தாறு முறை வீசினேன். மூக்கிலிருந்து நீர் தெறித்தது. குட்டி அசையவில்லை. அதற்குள் ஐந்தாவது வந்துகொண்டிருந்தது. இதைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கால் மணி நேரமாவது கழிந்திருக்கும், செய்தித்தாள் சரசரத்தது. பிரித்தேன். குட்டி வாயை அகலமாகத் திறந்து மூடியது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. கடைசி மூச்சு, தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஆறாவது மிகச் சிறியது. மறுநாள் காலை தாயின் மடியை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் கிடந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. குடிக்கட்டும் என்று சொட்டுக்குழாயால் பால் கொடுத்தேன். மூக்கு வழியாக வந்தது. மதியம் போய்விட்டது.

நேராகச் சொல்லுங்கள். எங்கே தவறினேன்?

#2 மழைக்காகம்

ஆறுதல் வேண்டாம் என்கிறீர்கள், சரி. மூன்று கேள்விகள். அறையில் மின்விசிறி ஓடியதா? என்ன பால் கொடுத்தீர்கள்? குட்டியை எப்படிப் பிடித்துக்கொண்டு கொடுத்தீர்கள்?

#3 கூடத்து ஜன்னல்

ஓடியது. சுக்கி மூச்சிரைத்துக்கொண்டே இருந்தாள், அவளுக்குப் புழுக்கம் என்று போட்டேன். பசும்பால், காய்ச்சி ஆறவைத்தது. கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல மல்லாக்கப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். பெட்டியில் வெறும் செய்தித்தாள்தான்.

எழுதும்போதே ஒவ்வொன்றும் தவறு என்று படுகிறது.

#4 பழுத்த இலை

முப்பது வருடங்களாக நாய் வளர்க்கிறேன். வீசுவது தவறு என்று யாராவது இங்கே சொல்ல வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: என் கையில் வீசிப் பிழைத்த குட்டிகள் பத்துக்குக் குறையாது. நீங்கள் பயந்து பயந்து வீசியிருப்பீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, முக்கியும் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, ஆக்சிடோசின். நான் எப்போதும் வீட்டில் வைத்திருப்பேன். போட்டிருந்தால் அந்த நான்காவது பத்து நிமிடத்தில் வந்திருக்கும்.

மற்றபடி ஆறில் நான்கு என்பது தலைச்சன் ஈற்றுக்கு மோசம் இல்லை. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

#5 ஊசிமருந்து

கால்நடை மருத்துவம் என் தொழில். பழுத்த இலை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே அந்த இரவில் பெருந்தீங்காக முடிந்திருக்கலாம்.

முதலில் ஊசி. ஒரு குட்டி பிறப்புப் பாதையில் சிக்கியிருக்கும்போது கருப்பையை மேலும் மேலும் இறுக்கினால், அது மூடிய கதவில் மோதுவதுதான். கருப்பை கிழியக்கூடும். கிழியாவிட்டாலும், உள்ளே காத்திருக்கும் குட்டிகளின் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடலாம். அவற்றுக்கு ஆக்சிஜன் வருகிற வழி அது ஒன்றுதான். எதுவும் அடைத்துக்கொண்டிருக்கவில்லை என்று கை வைத்துப் பரிசோதித்த பிறகு, மிகக் குறைந்த அளவில் போடவேண்டிய மருந்து அது. வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியதில்லை.

பின்னங்கால் முதலில் வந்ததில் கோளாறு ஒன்றும் இல்லை. நாய்க்குட்டிகளில் சுமார் 40 சதவீதம் அப்படித்தான் பிறக்கின்றன. கால்கள் மடங்கி, வால் மட்டும் முதலில் வந்தால்தான் சிக்கல். ஆனால் உடல் வெளியே, தலை உள்ளே என்று நின்றுவிட்டால் நிலைமை வேறு. தொப்புள்கொடி குட்டிக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. பழைய வழி அடைபட்டுவிட்டது, மூக்கோ இன்னும் திறந்தவெளிக்கு வரவில்லை. அந்த ஐந்து நிமிடம் நீருக்கடியில் மூச்சடக்கி இருப்பதற்குச் சமம். அப்போது உலர்ந்த துணியால் குட்டியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், நேராக அல்லாமல் அவளுடைய வயிற்றுப் பக்கமாகக் கீழ்நோக்கி வளைத்து இழுக்க வேண்டும். காலை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. அவள் ஓயும்போது நீங்களும் ஓய வேண்டும்.

இனி வீசுதல். மூக்கிலிருந்து தெறித்தது நுரையீரல் நீர் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இரைப்பையிலிருந்து வருவது. வீசும் வேகத்தில் அது தொண்டைக்கு வந்து, குட்டி முதல் மூச்சை இழுக்கும் நேரத்தில் உள்ளே போய்விடவும் கூடும். அதைவிட மோசம், பிறந்த குட்டியின் தலைக்குள் மென்மையான இரத்தக்குழாய்கள் வீச்சில் அறுந்து மூளையில் கசிவு உண்டாகும் ஆபத்து. வீசிப் பிழைத்த குட்டிகளில் பல, துண்டால் தேய்த்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக அந்த வாய் திறப்பு. நேராகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். அது விடைபெறும் மூச்சு என்று முடிவு கட்டியிருக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் குட்டி அப்படித்தான் இடைவெளி விட்டு வாயைப் பிளக்கும். இதயம் மெதுவாகவாவது துடிக்கிறது என்று அதற்குப் பொருள். பிறந்த குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் அந்த எண்ணிக்கை சரியும். காற்று கிடைத்தால் தானாக ஏறும். இதயத்துக்கென்று தனி மருந்து தேடுவதைவிட நுரையீரலுக்குள் காற்றைச் சேர்ப்பதுதான் வேலை.

அந்தக் குட்டி நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு நேரம் சிக்கியிருந்த குட்டி எங்கள் மேசையிலேயே சில நேரம் கைவிட்டுப் போகிறது.

#6 பழுத்த இலை

மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்வது சுலபம், டாக்டர். இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவர் கதவைத் திறக்கிறார்? அதனால்தான் ஊசியும் வீச்சும் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தன.

ஆனாலும் எழுத ஆரம்பித்துவிட்டேன், மறைப்பானேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு குட்டியை வீசும்போது கை ஈரத்தில் நழுவிச் சுவரில் போய் அடித்தது. அது வீசுவதற்கு முன்பு சன்னமாக முனகிக்கொண்டிருந்த குட்டி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, செத்தே பிறந்தது என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன பத்துக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

சரி, வீசாமல் வேறென்ன செய்வதாம்?

#7 அரைத்தூக்கம்

ஐயா, அதை எழுதியதற்கு நன்றி. செய்து பார்த்ததை நான் சொல்கிறேன்.

சென்ற வருடம் எங்கள் கறுப்பியின் கடைசிக் குட்டி பச்சைக் கறை படிந்து, அசைவே இல்லாமல் வந்தது. நல்ல வேளையாக அவளைச் சோதித்த மருத்துவர் முன்பே எனக்கு ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு பழக்கியிருந்தார். தலைப் பக்கமிருந்து சவ்வைக் கிழித்தேன். உள்ளங்கையில் குப்புறப் போட்டு, தலை சற்றே தாழ்ந்திருக்கும்படி பிடித்து, ரப்பர் உறிஞ்சியால் முதலில் வாய், பிறகு மூக்கு. கோழை நூல்போல வந்தது. பிறகு சூடான துண்டால் முதுகையும் விலாவையும் தேய்த்தேன். மென்மையாக அல்ல, தாய் நாக்கால் புரட்டிப் புரட்டி நக்குவாளே, அந்த அழுத்தத்தில்.

ஒரு நிமிடம் தேய்த்தும் மூச்சில்லை. முழங்கைகளுக்குப் பின்னால் மார்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன். மிக மெதுவாக, சந்தேகப்படும்படியாக ஒரு துடிப்பு. அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து என் வாயால் மூடி ஊதினேன். ஊதினேன் என்று சொல்வதே தவறு. கன்னத்தில் அடங்கும் காற்று மட்டும்தான். விலா லேசாக எழும்பினால் போதும். பெரிய மூச்சாக ஊதினால் அந்தச் சின்ன நுரையீரல் தாங்காது. இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஊதுவேன், ஒரு நிமிடம் ஆனதும் தேய்ப்பேன், மறுபடி ஊதுவேன். துண்டு ஈரமானதும் என் மகள் அடுத்த துண்டை நீட்டுவாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிடம். நாக்கு சிலேட்டு நிறத்தில்தான் இருந்தது.

பிறகு ஒரு முறை வாயைப் பிளந்தது. நீங்கள் பார்த்தீர்களே, அதே மாதிரி. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. நான் நிறுத்தவில்லை. நாக்கின் நுனி முதலில் சிவந்தது, பிறகு ஈறு. முதல் சத்தம் எண்ணெய் போடாத கதவு திறப்பது மாதிரி இருந்தது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். என் உதடெல்லாம் முடி.

அவன் இப்போது சோபாவைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறான்.

#8 ஊசிமருந்து

இதைவிடத் தெளிவாக நானே எழுதியிருக்க மாட்டேன். சின்னச் சின்னதாகச் சில சேர்க்கைகள். துடிப்பே தெரியாவிட்டால், ஒரு நிமிடம் காற்றுக் கொடுத்த பிறகு, அதே இரண்டு விரல்களால் மார்பை விநாடிக்கு இரண்டு முறை அழுத்தலாம். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் விட்டு நூலால் கட்டி, அதற்கு அப்பால் வெட்டி, அயோடினில் தொட வேண்டும். கொடியைப் பிடித்து இழுத்தால் வயிற்றுச் சுவர் பிரிந்துவிடும்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு: இதயம் துடிக்கும்வரை நிறுத்தாதீர்கள். கால் மணி நேரம் முறையாகச் செய்தும் ஒரு துடிப்புகூடக் கையில் தட்டவில்லை என்றால் நிறுத்தலாம்.

ஒரு துணுக்கு. மனிதக் குழந்தை பிறந்தவுடன் நிறம், துடிப்பு, மூச்சு, அசைவு, தூண்டினால் சிணுங்குகிறதா என்று ஐந்தைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள் அல்லவா? 1952இல் வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் வகுத்த முறை அது. அதையே கொஞ்சம் மாற்றி நாய்க்குட்டிகளுக்கும் போடுகிறோம். 7க்கு மேல் வாங்கிய குட்டியைத் தாயிடம் விட்டுவிடலாம். குறைந்ததைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரசவ நேரத்தில் கை இரண்டுதான், எந்தக் குட்டிக்கு அவசரம் என்று தெரிய இது உதவும்.

#9 கூடத்து ஜன்னல்

படித்தேன். இரண்டு முறை படித்தேன். தெரிந்துகொண்டது நல்லதுதான்.

ஆறாவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது மூச்சோடுதானே பிறந்தது? கத்தியது, இரவு பால்கூடக் குடித்ததே?

#10 ஊசிமருந்து

அதைக் கொன்றது குளிர். பால் அதை விரைவுபடுத்தியிருக்கலாம்.

பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கத் தெரியாது. நடுக்கம் என்பது உடல் தனக்குத்தானே சூடேற்றிக்கொள்ளும் வழி; அந்த வழியே இன்னும் திறக்கவில்லை. சேமித்த சர்க்கரையும் கொழுப்பும் சொற்பம். சிறிய குட்டிக்கு எடையை ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சூடு வேகமாகக் கசியும். அதற்கு மேல் ஈரம், அதற்கு மேல் மின்விசிறி. தாய் மூச்சிரைத்தது புழுக்கத்தால் மட்டுமல்ல, வலியால். முதல் வாரம் குட்டிகள் கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு பாதியை மட்டும் சூடாக்குங்கள், மறுபாதி தாய்க்கு. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி போதும், ஆனால் ஆறியதும் மாற்ற வேண்டும்; ஆறிய புட்டி குட்டியின் சூட்டையே உறிஞ்சிவிடும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது, ஆளுக்கொரு மூலையில் பரந்து கிடந்தால் சூடு அதிகம்.

குட்டியின் உடல்வெப்பம் 34.5க்குக் கீழே போனால் சப்பும் உணர்வு போய்விடும், குடலும் அசைவதை நிறுத்திவிடும். அந்த வயிற்றுக்குள் போகும் பால் செரிக்காது. தேங்கும், புளிக்கும், மேலே வரும். அதனால் குளிர்ந்த குட்டிக்கு முதல் மருந்து சூடுதான், பால் இரண்டாவது. அதையும் திடீரென்று ஏற்றாமல், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். உடல் சூடாகி, விரலை வைத்தால் சப்புகிறது என்றானபின் காம்பில் விட வேண்டும்.

மல்லாக்கப் பிடிப்பது மனிதக் குழந்தைக்கு. நாய்க்குட்டி குப்புறப் படுத்துத்தான் குடிக்கும், தலை சற்றே நிமிர்ந்து. மல்லாக்கப் பிடித்தால் பால் நேராக மூச்சுக்குழாய்க்கு வழி பார்க்கும். மூக்கில் பால் வந்ததற்கு அண்ணப் பிளவும் காரணமாக இருக்கலாம். மிச்சமிருக்கும் நான்கின் வாயையும் திறந்து விளக்கடித்துப் பாருங்கள். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலைவிட வெகு குறைவு. அவசரத்துக்கு நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு வாங்கி வையுங்கள்.

#11 மழைக்காகம்

டாக்டர், ஒன்றை விட்டுவிட்டீர்கள். சீம்பால். நாய்க்குட்டிக்குக் கருப்பையிலேயே தாயிடமிருந்து வரும் நோய் எதிர்ப்பு பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, மீதி எல்லாம் சீம்பாலில்தான். குடல் அதை அப்படியே உள்வாங்கும் வாசல் பிறந்த சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்து, ஒரு நாளுக்குள் மூடிவிடும். அதனால் ஒவ்வொன்றும் காம்பைப் பிடித்ததா என்று அன்றிரவே பார்க்க வேண்டும். பின்பக்கத்துக் காம்புகளில் பால் அதிகம் என்று நான் நம்புகிறேன், நோஞ்சானை எப்போதும் அங்கேதான் வைப்பேன்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள். இந்த இழையை நாளைக்கு யாராவது இரவு இரண்டு மணிக்குத் தேடிப் படிப்பார்கள்.

#12 ஊசிமருந்து

சீம்பாலை நினைவூட்டியதற்கு நன்றி.

இரண்டு மணிக்குப் படிப்பவருக்கு: பலமாக முக்கத் தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில் குட்டி வராவிட்டால் அழையுங்கள். முக்காமல் ஓய்ந்திருந்தாலும், உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரிந்து இரண்டு மணி நேரம் கடந்தால் அழையுங்கள். முதல் குட்டி பிறப்பதற்கு முன்பே கரும்பச்சைக் கசிவு வந்தால், ஒரு நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், காத்திருக்க வேண்டாம். குட்டி பிறந்தபின் அதே பச்சை இயல்புதான். உடல்வெப்பம் விழுந்து ஒரு நாள் ஆகியும் வலி தொடங்காவிட்டாலும் அழையுங்கள். புல்டாக் போன்ற சப்பை மூக்கு, பெருந்தலை இனங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அவற்றில் பெரும்பாலானவை சிசேரியனில்தான் பிறக்கின்றன. சிசேரியனுக்கான நாளை முன்பே குறித்துவிடுங்கள். வயிற்றில் ஒற்றைக் குட்டி என்றாலும் எச்சரிக்கை வேண்டும், ஒரு குட்டி அனுப்பும் சமிக்ஞை பிரசவத்தைத் தொடங்கிவைக்கப் போதாமல் நாள் தள்ளிப்போகலாம்.

பழுத்த இலை ஐயா, இரவில் யார் கதவைத் திறக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நியாயம். 55ஆம் நாளிலேயே அதைக் கேட்டுவைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. திறக்காதவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு.

#13 பழுத்த இலை

சினைக் காலத்தில் கால்சியம் மாத்திரையாவது கொடுக்கலாமா, இல்லை அதுவும் கூடாதா?

#14 ஊசிமருந்து

அதுவும் கூடாது, ஐயா. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை உடல் மறந்துவிடும். பால் சுரக்கும்போது தேவை திடீரென்று கூடும், அப்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து தாய்க்கு வலிப்பு வரும். பாலூட்டும் தாய் விறைத்தாலோ நடுங்கினாலோ அது அவசரம்.

#15 பழுத்த இலை

முப்பது வருடம் கொடுத்திருக்கிறேன். நல்லது, நிறுத்திக்கொள்கிறேன். ஊசியையும் தூக்கிப் போட்டுவிட்டேன், எப்படியும் காலாவதியாகியிருந்தது.

#16 கூடத்து ஜன்னல்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். நான்கின் வாயையும் பார்த்தேன், அண்ணம் சரியாக இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டேன். வெந்நீர்ப் புட்டிக்குப் பழைய கம்பளியில் உறை தைத்தேன். பெட்டியின் உள்விளிம்பில் ஒரு கம்பியும் அடித்தோம். சுக்கி சாய்ந்து படுத்தாலும் சுவருக்கும் அவள் முதுகுக்கும் நடுவே குட்டி நசுங்காது.

சமையலறைத் தராசில் தினமும் காலை எடை பார்க்கிறேன். மூன்று பேர் நன்றாக ஏறுகிறார்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஐந்தாவதாகப் பிறந்தவள்தான், அந்தச் செய்தித்தாளை நான் ஓரமாக வைத்தபோது வந்துகொண்டிருந்தவள், கவலை கொடுத்தாள். பிறந்தபோது 265 கிராம். மறுநாள் 251. மூன்றாம் நாளும் 256தான். மூத்தவர்கள் அவளை ஏறி மிதித்துத் தள்ளிவிடுவதைப் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மற்ற மூன்றையும் துணிக்கூடையில் எடுத்து வைத்துவிட்டு, அவளை மட்டும் பின்பக்கத்துக் காம்பில் பத்து நிமிடம் தனியாக விடுகிறேன். குடிக்கும்போது வால் விறைத்து நிற்கிறது, முன்கால்களால் மடியை மாற்றி மாற்றி அமுக்குகிறாள்.

இன்று ஒன்பதாம் நாள், 522.

#17 மழைக்காகம்

பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும் என்பது கணக்கு. இன்னும் 8 கிராம்.

#18 கூடத்து ஜன்னல்

காலை 6.20. 537. தராசில் நிற்காமல் நெளிந்துகொண்டே இருந்ததால் மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.